ஜன்னலைச் சாத்திவிட்டு அடித்த சாயம்

பெயிண்ட் கடை வாசலில் யாராவது தின்னர் டப்பாவைத் திறந்தால் போதும், எனக்குக் கோபம் வந்துவிடும். மற்றவர்களுக்கு அந்த வாடை மூக்கில் ஏறும், எனக்கு நேரே மண்டைக்கு ஏறும். கடைக்காரர் மேல் கோபமில்லை, டப்பாவின் மேலும் இல்லை. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, காரைக்காலில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்த வாடை அது. லேசாக இனிக்கும், கூடவே தொண்டையைச் சுரண்டும். அந்த ஒரு வாரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் நான் சண்டைக்குப் போவேன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் பெண் மூட்டை கட்டிக்கொண்டு போகமாட்டாள், மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். எங்கள் வீடும் உம்மாவுக்கு அப்படி வந்ததுதான். பத்திரம் இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, பெண்களுக்கு எவ்வளவு உரிமை என்று வாயைப் பிளப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். பத்திரத்தில் பெயர் இருந்ததே தவிர, சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று ஒரு நாள்கூட யாரும் உம்மாவைக் கேட்டதில்லை.

அந்தச் சமையலறையின் மூன்று சுவர்களிலும் தேக்கு அலமாரிகள் பதிக்கப்பட்டிருந்தன. மொத்தம் பதினான்கு கதவுகள். எப்போதோ பாலிஷ் போட்டது, நாளாவட்டத்தில் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. உம்மா மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஒவ்வொரு கதவாகத் துடைப்பார். துடைக்கும்போது வாய் சும்மா இருக்காது. எங்கள் தெருவிலேயே பெரிய வாயாடி உம்மாதான். சமையலறையில் நின்றுகொண்டே சந்துக்கு அப்பால் இருக்கும் வீட்டோடு பேசுவார், அங்கிருந்து வரும் பதிலுக்கு இங்கிருந்து சிரிப்பார். மூச்சு விடாமல் பேசுகிறாள் என்று மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள். மழைக்காலத்தில் மட்டும் அவருக்கு லேசாக மூச்சு "இழுப்பு" வரும். இரண்டு நாள் வெந்நீர் குடித்தால் போய்விடும். அதைக்கூட வெளியே சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், இழுப்பு பரம்பரை வியாதி, தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்பது அதற்குக் காரணம்.

என் அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவள் பெயர் சபியா. பதினெட்டு வயதில் அவளுக்குப் பக்கத்துத் தெருவிலேயே மாப்பிள்ளை அமைந்தது. வாப்பா துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். பேச்சு முடிந்த கையோடு, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு "வீடு பார்க்க" வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மகன் குடிவரப்போகும் வீட்டை அவர்கள் அறை அறையாகப் பார்ப்பார்கள், பெண்ணின் உம்மாதான் கூடப் போய்க் காட்ட வேண்டும். அது வழக்கம். வாப்பாவுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பாவிடம் பேசும்போது, பேச்சுவாக்கில், "சமையல்கட்டுல அலமாரியெல்லாம் புதுசா போட்டிருக்கோம்" என்று அவர் அளந்துவிட்டிருந்தார். யாரும் கேட்காமலே சொன்ன பொய் அது.

புது அலமாரி செய்ய ஆசாரிக்கு இரண்டு மாதம் வேண்டும். கையில் இருந்ததோ ஒரு வாரம். பழையதைச் சுரண்டி, சாயம் ஏற்றி, வார்னிஷ் அடித்துப் புதிதாக்கிவிடலாம் என்று வாப்பா முடிவு செய்தார். ஆளை விட்டுச் செய்தால் ஆள் வெளியே சொல்லிவிடுவான், ஆகவே தானே செய்வது என்றும் முடிவு. அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், துபாயில் அவர் வேலை பார்த்தது மரச்சாமான் செய்யும் கம்பெனி. அங்கே அவர் ஸ்டோர் கீப்பர். சாய டப்பாவை எடுத்துக் கொடுப்பார், தின்னரை அளந்து கொடுப்பார், தூசியும் வாடையும் உள்ளே போகாமலிருக்க முகத்தில் மாட்டும் மாஸ்க்கை ஒவ்வொரு ஆளுக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். "மாஸ்க் இல்லாம ஒருத்தன் உள்ள போயிட்டான்னா என் வேலை போயிடும்" என்று அவரே பெருமையாக எங்களிடம் சொல்லியிருக்கிறார். பிரஷைக் கையில் பிடித்தவர் இல்லை. ஆனால் எது ஆபத்து என்று எங்கள் வீட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். என்னால் இன்றுவரை விழுங்க முடியாதது அதுதான்.

உம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, "இந்தக் கலரே நல்லாத்தாங்க இருக்கு. பழசுன்னா பழசுன்னு சொல்லிட்டுப் போவோமே." அதை வாப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது, "எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கெடக்குது, முதல்ல சோடா உப்புப் போட்டுக் கழுவிக் காயவைங்க. இல்லாட்டி எந்தச் சாயமும் புடிக்காது." அதற்கு வாப்பா, "நாங்க அங்க அரபி வீட்டுக்கே செஞ்சு அனுப்புறோம், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார். உம்மா சொன்ன இரண்டும் சரி. தான் தினமும் தொட்டுத் துடைக்கிற பலகையைப் பற்றி அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. கதவுகளைக் கழற்றி மொட்டைமாடியில் காற்றாட வைத்துச் செய்வதுதான் முறை. மாடியில் வைத்தால் நாலு வீட்டு மாடிகளிலிருந்து தெரியும். கொல்லையில் வைத்தால் சந்தில் போகிறவர்கள் பார்ப்பார்கள். அதனால் கதவுகளைக் கழற்றிச் சமையலறைத் தரையிலேயே போட்டார் வாப்பா. மாப்பிள்ளை வீடு எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்தது. மத்தியானம் கடல்காற்று எழுந்தால் கிழக்கிலிருந்துதான் வீசும், வாடையை நேரே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கணக்குப் போட்டு, சமையலறையின் இரண்டு ஜன்னல்களையும் கொல்லைக்கதவையும் சாத்தச் சொன்னார். அந்தப் பொறுப்பு எனக்கு. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகுவதும், அது காய்ந்தால் மறுபடி நனைத்து வைப்பதும் என் வேலை. வாப்பா என்னை நம்பி ஒரு வேலை கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து முதலில் துணியைத் தொட்டுப் பார்ப்பேன்.

மூன்று நாள் "உப்புத்தாள்" போட்டுத் தேய்த்தார்கள். வாப்பா தேய்த்தார், லாத்தா தேய்த்தாள், நானும் மாலையில் தேய்த்தேன். மஞ்சளாகத் தூசி பறந்து அரிசியிலும் படிந்தது, எங்கள் இமையிலும் படிந்தது. அதற்கு நடுவிலேதான் உம்மா ஒரு மூலையில் ஸ்டவ்வை வைத்து எங்களுக்குச் சோறாக்கினார். ஹாலில் வைத்து ஆக்கலாமே என்றால், ஹாலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது, கரி படியும். முதல் நாள் இரவே உம்மாவின் நெஞ்சில் சத்தம் கேட்டது. அந்த வாரம் மழையும் இல்லை, குளிரும் இல்லை. வாப்பா துபாய்ப் பெட்டியிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். எதற்கான மாத்திரை என்று அவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயம் ஏற்றினார்கள். ரோஸ்வுட் கலர் என்று டப்பாவில் எழுதியிருந்தது. உம்மா சொன்னதுபோலவே எண்ணெய் இருந்த இடத்திலெல்லாம் பிடிக்காமல் கதவு முழுக்கத் திட்டுத் திட்டாக நின்றது. ஒருமுறை அடித்தால் போதும் என்று சொன்னவர் மூன்றுமுறை அடித்தார். ஒவ்வொரு முறையும் தின்னரை அதிகமாக ஊற்றினார். தேன் நிறம் போய்க் கருஞ்சிவப்பாகி, கடைசியில் கறுப்பாகவே ஆகிவிட்டது. மாஸ்க் ஒன்றே ஒன்று பெட்டியில் இருந்தது. அதை அவர் மாட்டிக்கொண்டார். நான் இதைக் கூட்டிச் சொல்லவில்லை. வெள்ளை மாஸ்க், இரண்டு ரப்பர் பட்டை, பின்னந்தலையில் முடியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு, மாஸ்க்குக்குள்ளிருந்தே, "நூரு, டீ போடு" என்று உம்மாவிடம் சொன்னார்.

புதன்கிழமை வார்னிஷ். அன்று எனக்குப் பள்ளி இல்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் அஞ்சலை அக்கா கொல்லைக்கதவைத் தட்டினார். உம்மா கதவை ஒரு சாண் திறந்ததுமே, "என்னாம்மா இது, உள்ள எதைக் கொளுத்துறீங்க? எனக்கே மூச்ச அடைக்கிது. கதவைத் தொறந்து போடுங்கம்மா, ஒங்க மூஞ்சியே சரியில்ல" என்றார். அஞ்சலை அக்காவின் குரல் கடற்கரையில் கேட்டால் தெருவில் கேட்கும். வாப்பா பதறிப்போய் வந்து கதவை அடைத்தார். "அவ மாப்பிள்ளை வீட்டுக்கும்தான் மீனு போடுறா. இன்னும் ரெண்டு நாளைக்கு மீனே வாங்காதீங்க" என்று உத்தரவு போட்டார். அந்த ஒருத்தியைத் தவிர உம்மாவின் முகத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் வாப்பா ஹாலில் படுத்திருந்தார். உம்மா சந்துப்பக்க ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து, கம்பியில் முகத்தை வைத்து நின்றுகொண்டிருந்தார். வாப்பா படுத்தபடியே, "யாரு ஜன்னலைத் தொறந்தது? போயிச் சாத்து புள்ள" என்றார். நான் எழுந்து போனேன். உம்மா திரும்பிப் பார்த்து, "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றார். நான், "வாப்பா சாத்தச் சொன்னாங்க" என்றேன். உம்மா கம்பியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டார். நான் ஜன்னலை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, ஈரத்துணியையும் செருகினேன். எனக்கு அப்போது பதினோரு வயது, என்ன தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தும் இருக்கிறேன். தெரிந்தவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அந்தப் பதினோரு வயதுப் பெண் மேலும் அதில் பாதியாவது இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னல்களைத் திறந்தார்கள். வாடை போகவில்லை. வாப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பிராணி போட்டால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், வார்னிஷ் வாடையும் அமுங்கிவிடும். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் ஒரு சட்டி நிறைய நெருப்பு எடுத்துச் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். சமையலறை முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள் உம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றார். நெஞ்சில் விசில் சத்தம் போல ஒன்று வந்துகொண்டே இருந்தது. "வாயைத் தொறக்காத, தொறந்தா சத்தம் கேக்கும். சிரிச்சுக்கிட்டு மட்டும் நில்லு" என்றார் வாப்பா. பிறகு ஆண்கள் இருக்கக்கூடாது என்று பள்ளிவாசல் பக்கம் போய்விட்டார்.

அஸருக்குப் பிறகு ஐந்து பெண்கள் வந்தார்கள். உம்மா வாயை மூடிக்கொண்டு அறை அறையாகக் கையால் காட்டினார். சமையலறைக்கு வந்ததும் மாப்பிள்ளையின் உம்மா ஒரு கதவைத் திறந்து மூடினார், விரலால் தடவினார். "எல்லாம் புதுசா?" என்று உம்மாவைக் கேட்டார். உம்மா சிரித்தார். எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்ததால் நான் முந்திக்கொண்டு, "ஆமா மாமி, எல்லாம் புதுசு" என்றேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளினார். சமோசா தின்று, டீ குடித்து, லாத்தாவைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளையின் உம்மா மற்றவர்களிடம், "பொண்ணோட உம்மா ஒரு வார்த்தை பேசலியே, பாத்தீங்களா? எவ்வளவு அடக்கம்! இப்படிப்பட்ட வீட்டுலதான் சம்பந்தம் பண்ணணும்" என்றார். எங்கள் தெருவின் வாயாடிக்கு அப்படி ஒரு பெயர் கிடைத்தது.

அவர்கள் படி இறங்கியதும் உம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. லாத்தா அலறப் போனவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவர்கள் கிளம்பியதைப் பார்த்துவிட்டு அதற்குள் வாப்பா உள்ளே வந்துவிட்டார். பார்த்ததும் அவருக்கும் பயம்தான், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆட்டோ கூப்பிட நான் வாசலுக்கு ஓடினேன். வாப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கொஞ்சம் பொறு. அவங்க தெருமுனையத் தாண்டட்டும்" என்றார்.

எங்கள் வாசலிலிருந்து தெருமுனைக்கு நாற்பது வீடு இருக்கும். ஐந்து பெண்களும் நின்று நின்று, பேசிக்கொண்டே போனார்கள். ஜன்னல் வழியாக வாப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே உம்மா இரண்டு கையையும் தரையில் ஊன்றி மூச்சுக்காக இழுத்துக்கொண்டிருந்தார். நான் என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

கொல்லைக்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்தவர் அஞ்சலை அக்கா. இரண்டு நாளாக மீன் வேண்டாம் என்றதால், என்ன ஏது என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். கூடையை அங்கேயே போட்டார். லாத்தா அழுதுகொண்டே, அவர்கள் தெருமுனை தாண்டட்டும் என்று வாப்பா சொல்வதைச் சொன்னாள். "தெருமொனையாவது மண்ணாங்கட்டியாவது! உசுரு போயிக்கிட்டிருக்கு, மொனையப் பாக்குறாராம்" என்று வாப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, சந்து வழியாகப் போய் ஆட்டோவைக் கொல்லைக்கே கூட்டிவந்து, உம்மாவைத் தாங்கி ஏற்றி, தலத்தெருவில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனது அவர்தான். வாப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு.

உம்மா பிழைத்தார். ஆனால் மழைக்காலத்தில் மட்டும் வந்துபோன இழுப்பு அதற்குப் பிறகு போகவே இல்லை. இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். லாத்தா பதினெட்டு வயதில் சமையலறையை ஏற்றுக்கொண்டாள். உம்மா பேசுவது குறைந்தது. முதலில் சந்துக்கு அப்பால் பேசுவது நின்றது, பிறகு ஹாலிலிருந்து கொல்லைக்குக் கூப்பிடுவதும் நின்றது. இதெல்லாம் எதற்காக நடந்தது தெரியுமா? மச்சான், அதாவது லாத்தாவின் மாப்பிள்ளை, கல்யாணமாகிக் குடிவந்த ஒரே வாரத்தில் உம்மாவின் இழுப்பைக் கண்டுகொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். உப்புக் காற்றில் ஆறே மாதத்தில் வார்னிஷ் பிசுபிசுத்து உரிந்தபோது, "பழைய அலமாரிதானே மாமி? எங்க வீட்டுலயும் பழசுதான்" என்று சிரித்தார். அஞ்சலை அக்கா அதற்குப் பிறகும் பல வருடம் இரண்டு வீட்டுக்கும் மீன் போட்டார். யாரைப் பார்த்து வாப்பா கதவை அடைத்தாரோ அந்த வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகவில்லை.

இப்போது அஞ்சலை அக்கா இல்லை. மாப்பிள்ளையின் உம்மாவும் இல்லை. எங்கள் ஊரிலேயே பலர் ஃபிளாட்டுக்குப் போய்விட்டார்கள், வீடு பார்க்க என்று தனியாக யாரும் வருவதில்லை, செல்போனில் வீடியோ அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் லாத்தா சமையலறைக்குப் பிளைவுட் அலமாரி போட்டாள். பழைய கதவுகள் பதினான்கையும் எடுத்துப்போகப் பழைய மர வியாபாரி வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அவர் சாவியால் ஒரு கதவின் ஓரத்தைச் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே தேன் நிறம் தெரிந்தது. "அருமையான தேக்குங்க. இதுக்குப் போயி எவங்க இப்படி ஒரு கறுப்பை அடிச்சது?" என்றார்.

வாப்பா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது, துபாயை விட்டு வந்தும் வெகு காலமாகிவிட்டது. "எவனாவது ஆசாரி அடிச்சிருப்பான், அந்தக் காலத்துல" என்றார். அவர் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், சத்தியமாக மறந்துபோயிருந்தார். எனக்கு அத்தனை வருடக் கோபமும் ஒரேயடியாக வந்தது. வியாபாரி நிற்கிறார் என்றும் பார்க்காமல், "நீங்கதான் வாப்பா அடிச்சீங்க! ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிட்டு அடிச்சீங்க! உம்மாவோட மூச்சு போனது அதுலதான்!" என்று கத்தினேன். வாப்பா என்னைப் பார்த்து விழித்தார், பிறகு கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த உம்மாவைப் பார்த்தார்.

உம்மா, "நான்தான்" என்று ஆரம்பித்து நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "நான்தான் சாத்தச் சொன்னேன்" என்றார். மறுபடியும் மூச்சு வாங்கினார், இந்த முறை அதிக நேரம் ஆனது. "அவங்கள ஒண்ணும் சொல்லாத." ஜன்னலைச் சாத்தியது நான், சாத்தச் சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மிச்சமிருக்கிற கொஞ்சம் மூச்சையும் எடுத்து அந்தப் பொய்யைச் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வாப்பா டீயை மறுபடி கையில் எடுத்தார். என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றார்.